கண்ணாடியில் ஒட்டியிருந்ததா?

நியூயார்க் நகரில் காரை ஒழுங்காக நிறுத்தி, மீட்டருக்கும் பணம் கட்டிவிட்டுப் போயிருப்போம். திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் ஆரஞ்சு நிற உறை செருகியிருக்கும். பிரித்துப் பார்த்தால் விதிமீறல் எண் 71: ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வாகன ஆய்வின் ஸ்டிக்கர் காலாவதி, அல்லது ஸ்டிக்கரே இல்லை. அபராதம் 65 டாலர். நிறுத்திய இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, மீட்டர் இல்லாத தெரு என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. வண்டி பொதுத்தெருவில் நிற்கிறதா, முன்கண்ணாடியில் நாள் கடக்காத ஸ்டிக்கர் தெரிகிறதா, அவ்வளவுதான் கேள்வி.

இந்த டிக்கெட்டுகளுக்கு மறுப்பு எழுதித் தரும் வேலையில் அடிக்கடி கைக்கு வரும் வாசகம் ஒன்று உண்டு: "மறுநாள் காலையிலேயே ஆய்வுக்குக் கொண்டுபோனேன், எல்லாவற்றிலும் தேறிவிட்டது, ரசீது இணைத்திருக்கிறேன்." எழுதியவருக்கு அது பலமான வாதமாகத் தெரிகிறது. படிக்கும் நீதிபதிக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். டிக்கெட் கிழித்த நாளில் ஸ்டிக்கர் இல்லை என்பதற்கு நாமே தேடிப்பிடித்துக் கொடுக்கும் சாட்சி அந்த ரசீது. வண்டி நல்ல நிலையில் இருந்ததா என்பதை யாரும் விசாரிக்கவில்லை. மாநில வாகனச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, ஆய்வுச் சான்று வண்டியில் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஓட்டும்போது மட்டும் அல்ல, நிறுத்தியிருக்கும்போதும்.

அதனால் எழுத உட்காருமுன் டிக்கெட்டை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கோபத்தில் இருப்பவர் அபராதத் தொகையைத் தாண்டிப் படிப்பதில்லை. சட்டப்படி சில விவரங்கள் டிக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும்: நம்பர் பிளேட் எண், பிளேட் வகை, ரிஜிஸ்ட்ரேஷன் முடியும் தேதி, வண்டியைத் தயாரித்த நிறுவனம், உடலமைப்பு வகை (செடான், எஸ்யூவி போன்றது). கூடவே இடம், தேதி, நேரம், எந்த விதி என்பதும். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலோ தவறாக இருந்தாலோ டிக்கெட் தள்ளுபடிக்கு உரியது. வண்டியை அடையாளம் காட்டும் அந்த முதல் ஐந்தில் எதுவும் தவறாக எழுதப்பட்டிருந்தால் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்று மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் வீல்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் இதை நாமாகச் சுட்டிக்காட்ட வேண்டும்.

ஒப்பிட வேண்டியது வண்டியோடு அல்ல, ரிஜிஸ்ட்ரேஷன் காகிதத்தோடு. காகிதத்தில் எஸ்யூவி, ஸ்டேஷன் வேகன் போன்றவை 'எஸ்யூபிஎன்' என்றும், நான்கு கதவு செடான் '4டிஎஸ்டி' என்றும், தனியார் காரின் பிளேட் 'பாஸ்' என்றும் இருக்கும். எஸ்யூபிஎன் வண்டிக்கு 4டிஎஸ்டி என்று எழுதியிருந்தால், ரிஜிஸ்ட்ரேஷன் நகலை இணைத்து ஒரே வரியில் சொல்லலாம். வண்டியின் நிறத்தைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. அந்த ஐந்தில் நிறம் கிடையாது.

டிக்கெட்டில் பிழை இல்லை என்றால், மிஞ்சுவது ஸ்டிக்கர்தான். அது முன்கண்ணாடியின் கீழ்மூலையில், ஓட்டுநர் பக்கம் இருக்கும். அதில் காட்டிய மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். நவம்பர் என்றிருந்தால் நவம்பர் 30 அன்று கிழித்த டிக்கெட் தவறு, டிசம்பர் 1 அன்று கிழித்தது சரி. அதிகாரி தன் குறிப்பில் எந்த மாதம் எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது நல்லது. வெயிலில் வெளுத்துப்போன ஸ்டிக்கரில் மாதத்தைத் தவறாகப் படிப்பது நடக்கக்கூடியதே.

ஸ்டிக்கர் அன்று செல்லுபடியாக இருந்தது என்றால் இரண்டு சான்றுகள் போதும். முதலாவது, ஆய்வு நிலையம் தரும் அச்சிட்ட ரசீது. அதில் வண்டியின் அடையாள எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். பலரும் இந்தக் காகிதத்தை பெட்ரோல் ரசீதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நேரம் எவ்வளவு முக்கியம் என்பது ஒரே நாளில் இரண்டும் நடந்தால்தான் தெரியும். காலை 11:40க்கு ஆய்வு முடிந்து, பிற்பகல் 2 மணிக்கு டிக்கெட் என்றால் ரசீது உங்கள் பக்கம். காலை 8:12க்கே டிக்கெட் என்றால் அதே ரசீது எதிர்ப்பக்கம்.

இரண்டாவது, படம். ஸ்டிக்கரை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் எந்த வண்டிக்கும் பொருந்தும். நல்லவேளையாக, வண்டியின் அடையாள எண் பொறித்த தகடும் அதே மூலையில்தான், டேஷ்போர்டின் விளிம்பில் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று, வெயில் தெறிக்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, ஸ்டிக்கரும் அந்தத் தகடும் ஒரே படத்துக்குள் வருமாறு எடுத்தால் வேலை முடிந்தது. நம்பர் பிளேட் தெரியும்படி இன்னொரு படம். ஸ்டிக்கரின் மேல் டேஷ்போர்டு விரிப்போ காகிதமோ ஏறியிருந்தால், ஒட்டியிருந்தும் தெரியவில்லை என்ற கதைதான். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்கண்ணாடி மாற்றியவர்கள் கதை கொஞ்சம் சிக்கல். பழைய கண்ணாடியோடு ஸ்டிக்கரும் போய்விடும். ஆய்வு செல்லுபடியில்தான் இருக்கிறது, ஆனால் காட்டப்படவில்லை. கண்ணாடிக் கடையின் ரசீது, ஆய்வு ரசீது இரண்டையும் வைத்துக்கொண்டு மாற்று ஸ்டிக்கரை உடனே வாங்கிவிட வேண்டும். நடுவில் டிக்கெட் விழுந்தால் அந்த இரண்டு ரசீதுகளின் தேதிகளையும் வரிசையாகக் காட்டி வாதாடலாம். கண்ணாடி மாற்றி மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு வந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக் குயின்ஸ் பகுதியின் ஃப்ளஷிங்கிலோ ஜமைக்காவிலோ தெருவில் விட்டுவிட்டு ஆறு வாரம் சென்னைக்குப் போய்வருவார்கள். ஸ்டிக்கர் டிசம்பர் 31உடன் முடிந்திருக்கும். "நான் நாட்டிலேயே இல்லை" என்று விமான டிக்கெட்டை இணைப்பதில் பயன் இல்லை. வெளிமாநிலத்தில் இருக்கும்போது ஆய்வு காலாவதியானால் 10 நாள் நீட்டிப்பு கேட்கலாம் என்பது உண்மை, ஆனால் வெளியே இருக்க வேண்டியது வண்டி, உரிமையாளர் அல்ல. புறப்படுமுன் ஆய்வை முடிப்பதே வழி. முன்கூட்டியே செய்வதற்குத் தடை எதுவும் இல்லை. ஆய்வு செய்த மாதத்திலிருந்து அடுத்த ஆண்டு அதே மாதக் கடைசி வரை செல்லும் என்பதால், மாதத் தொடக்கத்தில் கொண்டுபோனால் ஏறக்குறைய பதின்மூன்று மாதம் கிடைக்கும்.

திரும்பி வந்தபின் இன்னொரு வம்பு. குளிரில் நின்ற காரின் பேட்டரி இறங்கியிருக்கும். புதிது மாட்டிய கையோடு ஆய்வுக்கு ஓடுவார்கள். பேட்டரியைக் கழற்றியதும் காரின் கம்ப்யூட்டர் தன் எமிஷன் (வெளியேறும் புகை) சுயசோதனைகளின் முடிவுகளை அழித்துவிடும். 2001ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்களில் ஒரே ஒரு சோதனை முடியாமல் இருக்கலாம், அதற்கு மேல் என்றால் நிராகரிப்பு. சில நாள், நெடுஞ்சாலையும் ஊருக்குள்ளுமாகக் கலந்து ஓட்டிவிட்டுப் போவது நல்லது.

வெளிமாநிலப் பிளேட் என்றால் அந்த மாநிலத்தின் விதிதான் கணக்கு. ஃப்ளோரிடாவில் இப்படி ஒரு ஆய்வே கிடையாது. அந்தப் பிளேட்டுக்கு 71 எழுதியிருந்தால் ரிஜிஸ்ட்ரேஷன் நகலோடு அதைச் சொன்னால் போதும்.

மறுப்பு நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம்: பத்து இலக்க டிக்கெட் எண், பிளேட் எண், குற்றத்தை மறுக்கிறேன் என்ற வாக்கியம், காரணம், இணைப்புகளின் பட்டியல். மன்னிப்பும் குடும்பச் சூழ்நிலையும் சேர்ந்தால் நடுவே எங்காவது "மறந்துவிட்டேன்" என்ற சொல் நுழைந்துவிடும். இணையம், செல்பேசிச் செயலி, தபால் எதிலும் அனுப்பலாம். நேரில் வேண்டுமென்றால் குயின்ஸில் ஜமைக்காவின் 94ஆம் அவென்யூ, மன்ஹாட்டனில் ஜான் தெரு என்று ஒவ்வொரு பகுதியிலும் இந்த டிக்கெட்டுகளைக் கவனிக்கும் நகர நிதித்துறையின் மையம் இருக்கிறது. முக்கியம் 30 நாள் கெடு. அது தாண்டினால் 65 டாலர் 75 ஆகும், 60 நாளில் 95, 90 நாளில் 125. நூறு நாள் வாக்கில் தீர்ப்புக் கடனாக மாறிவிடும். அப்படிப்பட்ட கடன் மொத்தம் 350 டாலரைத் தாண்டினால் சக்கரத்துக்குப் பூட்டு.

தோற்றால் முடிவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. அங்கே முதல் விசாரணையில் வைத்த காகிதங்களை மட்டும்தான் பார்ப்பார்கள்; புதுச் சான்று எடுபடாது. எதிர்த்து நின்று தோற்றபின் காரின் கையுறைப் பெட்டிக்குள் அந்த ஆய்வு ரசீது கிடைத்தால், அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.