ஸ்டிக்கரை மறைத்துவிட்டு வண்டி பார்த்த பத்து மாதங்கள்

ஜனவரி, இரண்டாவது ஞாயிறு. பத்துக்கு மூன்று.

தம்பி வாட்ஸ்அப்பில் பத்துப் படம் அனுப்பியிருந்தான். எல்லாம் இத்தாலிய பைக்குகள். இருநூறு, முந்நூறு, ஐந்நூறு என்று எண்ணிச் செய்து நிறுத்திய பதிப்புகளும் அவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடிய சாதாரண வண்டிகளும் கலந்திருந்தன. டேங்கில் உள்ள பெயர், பக்கவாட்டு ஸ்டிக்கர், நம்பர் எல்லாவற்றையும் கருப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தான். நான் கேட்டுக்கொண்டபடிதான். பெயரைப் படித்துவிட்டு "என்ன அழகு" என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும் என்று தோன்றியது. பெயர் தெரியாதபோதும் அது அழகாகத்தான் படுகிறதா? உருவத்தைப் பார்த்தே பெயர் சொல்ல முடிகிறதா? இந்த இரண்டையும் ஒரு வருடம் சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

கோவையில் ஃபவுண்டரி வேலை எனக்கு. ஒரு வார்ப்பில் குறை இருந்தால் கை வைப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண் இங்கே வேலை செய்யவில்லை. பிமோட்டா டெசி, எம்வி அகுஸ்தா எஃப்4, டுகாட்டி 916, இந்த மூன்றைத்தான் சரியாகச் சொன்னேன். அதிலும் டெசி சுலபம், அதற்கு முன்பக்கம் ஃபோர்க்கே கிடையாது. பின்சக்கரத்தைப் போலவே முன்சக்கரத்தையும் ஒரு ஸ்விங்ஆர்ம், அதாவது மேலும் கீழும் அசையும் கை, பிடித்திருக்கும், சக்கரம் திரும்புவது அதன் நடுக்குடத்துக்குள். பியர்லூய்ஜி மார்க்கோனி பொறியியல் படித்தபோது எழுதிய ஆய்வேட்டில் பிறந்த யோசனை அது. இத்தாலிய மொழியில் 'டெசி' என்றால் ஆய்வேடு. 1990ல் விற்பனைக்கு வந்தது.

மீதி ஏழில் சிவப்பாக இருந்த எல்லாவற்றையும் 916 என்றே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி

ஒரு வேலை செய்து பார்த்தேன். படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, ஹெட்லைட் நுனியிலிருந்து வால் நுனி வரை பென்சிலை எடுக்காமல் ஒரே கோடு. ஒரு வண்டிக்கு இருபது தடவை.

916ன் கோடு பத்தாவது தடவையிலேயே கைக்கு வந்துவிட்டது. மூக்கிலிருந்து ஏறி, டேங்கின் முதுகைத் தொட்டு, சீட் தொடங்கும் இடத்தில் சட்டென்று ஒடுங்கி, மறுபடி வாலுக்கு ஏறுகிறது. அந்த ஏற்றம் முடியும் இடத்துக்கு அடியில் இரண்டு சைலன்சர்களும் வாலோடு வாலாக முடிகின்றன. பக்கவாட்டில் சைலன்சர் இல்லாததால் வண்டியைச் சாய்க்க இடம் கிடைத்தது, காற்றும் தடையில்லாமல் போகிறது. பின்சக்கரத்துக்கு ஒருபக்க ஸ்விங்ஆர்ம். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் முழுதாகத் தெரியும், நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. பந்தயத்தில் சக்கரத்தைச் சீக்கிரம் கழற்ற வேண்டும் என்ற தேவைதான் அதற்கும் காரணம். தேவைக்காகச் செய்ததெல்லாம் சேர்ந்து இப்படி ஒரு கோடாக அமைந்திருக்கிறது. மாஸிமோ தம்புரினி வடிவமைத்து 1994ல் விற்பனைக்கு வந்த வண்டி. முப்பது வருடம் கழித்து அந்தக் கோட்டைக் காகிதத்தில் வரையும்போதும் திருத்த இடம் கிடைக்கவில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், டுகாட்டியின் 748ம் 996ம் 998ம் ஏறக்குறைய அதே உடம்பு. 916க்கும் 748க்கும் வித்தியாசம் தேட நான் டயரைப் பார்க்கத் தொடங்கினேன். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 916ன் பின் டயர் அகலம் 190 மி.மீ., 748க்கு 180. படம் தெளிவாக இருந்தால் டயரின் ஓரத்தில் படிக்கலாம். ஆனால் டயரை யாரும் மாற்றலாம், அதனால் இது சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

மார்ச். பத்துக்கு ஐந்து.

எஃப்4 செரியே ஓரோவில் ஏமாந்தேன். 300 வண்டி மட்டும் செய்த முதல் பதிப்பு அது, 1999ல் வெளியானது. வடிவம் தந்தவர் அதே தம்புரினி. வாலுக்கு அடியில் தேவாலய ஆர்கன் குழல்களைப் போல நான்கு சைலன்சர் வாய்கள், முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விளக்கு. ஸ்விங்ஆர்ம், சக்கரங்கள், ஃப்ரேமின் பக்கத் தகடுகள் மெக்னீசியம், அவற்றுக்குத் தங்க நிறம். 'ஓரோ' என்றால் தங்கம். பிறகு வந்த சாதாரண எஃப்4ல் அதே பாகங்கள் அலுமினியம்.

தம்பி இந்த முறை படங்களைக் கருப்பு வெள்ளையாக மாற்றி அனுப்பிவிட்டான். தங்கம் சாம்பலாகிவிட்டது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

அன்று ராத்திரி நீண்ட நேரம் யோசித்தேன். 300 வண்டியில் ஒன்று என்பதற்காகக் கொடுக்கும் மதிப்பில் எவ்வளவு வடிவத்துக்கு, எவ்வளவு எண்ணிக்கைக்கு? கருப்பு வெள்ளையில் சாதாரண எஃப்4 ஒரு இம்மிகூட அழகில் குறையவில்லை. செரியே ஓரோவின் உயர்வு எடை குறைந்த உலோகத்தில் இருக்கிறது, அது உண்மையான உயர்வு. வார்ப்பு வேலை தெரிந்தவன் என்பதால் மெக்னீசியத்தை உருக்கி ஊற்றுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும், சற்று ஏமாந்தால் தீப்பிடிக்கும். ஆனால் வடிவத்துக்கு மதிப்பெண் போடும்போது இரண்டுக்கும் ஒரே எண்தான் போட வேண்டும். அன்றிலிருந்து நோட்டில் 'வடிவம்', 'பொருள்' என்று இரண்டு பத்தி பிரித்துவிட்டேன்.

ஏப்ரல்

நிறமே முக்கியமாகிற வண்டியும் உண்டு. 916 சென்னா. பந்தயக் கார் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா 1994 மே 1 அன்று இமோலாவில் இறந்தார். அவர் பெயரில் மறுவருடம் வந்த பதிப்பு இது. உடம்பு அடர்சாம்பல், சக்கரங்கள் சிவப்பு. சிவப்பு 916ல் முதலில் கண்ணில் படுவது சிவப்புதான். சாம்பலில் கோடு தெரிகிறது. ஃபேரிங் என்கிற முன்பக்க உறையின் வெட்டுகள், டேங்கின் தோள், எல்லாம் நிழலோடு தனியாக வருகின்றன. நிறத்தால் தனித்துத் தெரியும் பதிப்புகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை.

லாவெர்டா 750 எஸ்எஃப்சியைக் கருப்பு வெள்ளையில் தவறவிட்டேன். நீண்ட தூரப் பந்தயத்தில் இருட்டிலும் தம் வண்டியைத் தூரத்திலேயே அடையாளம் காண வேண்டும் என்று ஆரஞ்சு அடித்த வண்டி. அதன் நிறத்தை எடுத்துவிட்டுக் கேட்பது சரியல்ல என்று தம்பியிடம் வாதாடினேன். அரை மதிப்பெண் கொடுத்தான்.

மே மாதம் வேலை அதிகம். ஒன்றும் செய்யவில்லை.

ஜூன். பத்துக்கு ஆறு.

பிமோட்டா கம்பெனியைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, இத்தனை நாள் ஏன் பயந்தேன் என்று தோன்றியது. ரிமினியில் பியாங்கி, மோரி, தம்புரினி என்ற மூன்று பேர் வீடுகளுக்கு வெப்பமூட்டும் குழாய் போடும் தொழில் நடத்தினார்கள். அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் பி-மோ-ட்டா. தம்புரினி ஹோண்டா 750 ஓட்டி மிசானோ தடத்தில் விழுந்து விலா எலும்பு முறிந்து படுத்தார். அதற்குப் பிறகு அந்த இன்ஜினுக்குத் தானே ஒரு ஃப்ரேம் செய்தார். முதல் பிமோட்டா அதுதான், எச்பி1. பெயரிலேயே விடை இருக்கிறது: முதல் எழுத்து இன்ஜின் யாருடையது, இரண்டாவது பிமோட்டா, பிறகு எத்தனையாவது. எச் ஹோண்டா, எஸ் சுசூகி, ஒய் யமஹா, கே கவாஸாகி, டி டுகாட்டி. ஆகவே இன்ஜினை அடையாளம் கண்டால் பாதிப் பெயர் கையில்.

1985ல் வந்த டிபி1ல் மட்டும் அது நடக்காது, ஏனென்றால் இன்ஜினே தெரியாது. தலை முதல் வால் வரை உறை போட்டு மூடியிருப்பார்கள். எனக்கு அந்த உறை பிடிக்கும், சின்ன வண்டியை முழுசாக ஒரே கட்டியாகக் காட்டுகிறது. பத்து வருடம் கழித்து அதே கம்பெனி செய்த மந்த்ரா பிடிக்கவில்லை. மூன்று முறை டிரேசிங் எடுத்தேன், கோடு டேங்கில் ஒரு இடத்துக்கும் சீட்டில் வேறு இடத்துக்கும் போகிறது.

ஆகஸ்ட்

டுகாட்டியின் எம்எச்900இ. 1978ல் பந்தய வீரர் மைக் ஹெய்ல்வுட் பதினோரு வருட இடைவெளிக்குப் பிறகு மேன் தீவுப் பந்தயத்துக்குத் திரும்பி வந்து டுகாட்டியில் ஜெயித்தார். அதை நினைத்து பியர் டெர்பிளாஞ்ச் வரைந்த வண்டி. 2000 ஜனவரி 1 அன்று இணையத்தில் மட்டும் விற்பனைக்கு வைத்தார்கள், முதல் 500 சுமார் அரைமணி நேரத்தில் முடிந்தது. மொத்தம் 2,000.

வட்ட ஹெட்லைட்டை விழுங்கியதுபோல் இருக்கும் அந்த அரை ஃபேரிங்கை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. குழாய்களை வளைத்துச் செய்த ஒருபக்க ஸ்விங்ஆர்மும் அப்படித்தான். ஆனால் இன்ஜினுக்கு அடியில் பழைய டுகாட்டி இன்ஜினின் எண்ணெய்த்தொட்டியை நினைவூட்டும்படி ஒரு உறை மாட்டியிருக்கிறார்கள். எண்ணெய் இல்லாத இடத்தில் எண்ணெய்த்தொட்டி வடிவம் எதற்கு? இந்த ஒன்றுக்காக 'வடிவம்' பத்தியில் ஒரு மதிப்பெண் குறைத்தேன். தம்பிக்குக் கோபம்.

"அது ஒரு மரியாதைக்காக வச்சதுங்ணா."

"மரியாதை ஃபேரிங்லயே இருக்குதுடா."

இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

செப்டம்பர், இத்தாலி

கம்பெனி வேலையாக போலோன்யாவுக்குப் போக நேர்ந்தது. பேக்கிங் இயந்திரங்களுக்குப் பேர்போன ஊர், எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அந்த வேலையாக வந்துபோவது உண்டு. சனிக்கிழமை காலை போர்கோ பனிகாலேயில் டுகாட்டி அருங்காட்சியகம். 916ஐ முதல்முறை நேரில் பார்த்தேன். டிரேசிங் பேப்பரில் தெரியாத ஒன்று தெரிந்தது: அது இவ்வளவு சின்னது. சீட் தொடங்கும் இடத்தில் இரண்டு கையால் இடுப்பைப் பிடித்துவிடலாம் போல இருக்கிறது.

அடுத்த நாள் இமோலா. வருடந்தோறும் செப்டம்பரில் பந்தயத் தடத்திலேயே பழைய வண்டிச் சந்தை கூடும். தடம் நெடுக விரித்த தார்ப்பாயில் கார்புரேட்டர், டேங்க், துருப்பிடித்த ரிம், ஒற்றை ஹெட்லைட். நடந்துகொண்டே இருந்தேன். ஒரு திருப்பத்தில் வெள்ளி நிற ஃபேரிங், பச்சை ஃப்ரேம். மூச்சு நின்றுவிட்டது.

பச்சை ஃப்ரேம் என்றால் 1974ன் டுகாட்டி 750 எஸ்எஸ். 1972 ஏப்ரலில் இதே தடத்தில் நடந்த இமோலா 200 பந்தயத்தில் டுகாட்டி ஓட்டிய பால் ஸ்மார்ட் முதலாவது, புரூனோ ஸ்பாஜியாரி இரண்டாவது. அந்த வெற்றிக்குப் பிறகு தெருவில் ஓட்டுவதற்காகச் செய்தது, சுமார் 400 வண்டி. ஃபைபர் டேங்கில் பெட்ரோல் அளவு தெரிய ஒரு கண்ணாடிபோன்ற கோடு விட்டிருப்பார்கள். இந்த வண்டியிலும் கோடு இருந்தது. அதற்குள் பாதி வரை பெட்ரோல் மஞ்சளாக நின்றது.

இருந்தும் எதுவோ உறுத்தியது. உடனே பெயர் தேடவில்லை, முதலில் கண்ணை அதன் போக்கில் விட்டேன். டேங்கின் தோள் உருண்டை, ஃபேரிங் உருண்டை, சீட்டின் கூம்பு உருண்டை. கண் கீழே இறங்கி இன்ஜினில் போய் முட்டியது. பக்க உறை மூலைகளோடு சதுரமாக இருந்தது. 1974ன் எஸ்எஸ்க்கு வட்ட உறை. சதுர உறை ஜியார்ஜெத்தோ ஜூஜாரோ டுகாட்டியின் 860 ஜிடிக்காக வரைந்தது, மற்ற வண்டிகளுக்கு 1975லிருந்துதான் வந்தது. மேலே ஒரு கை வரைந்திருக்கிறது, கீழே வேறு ஒரு கை.

வண்டிக்காரர் எழுபது வயது இருப்பார். நான் உறையைக் காட்டி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, தலையை ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. டேங்கின்மேல் படிந்திருந்த தூசியில் விரலால் 860 என்று எழுதிக் காட்டினார். ஒளிக்கவே இல்லை. ஃப்ரேமைத் தடவிக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார், தானே செய்தது என்று. குனிந்து வெல்டிங்கைப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரே அளவு அலை, ஒரு துளி தெறிப்பு இல்லை. எங்கள் பட்டறையில் அப்படி வெல்டு வைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்.

அன்றைக்குத்தான் ஜனவரியில் பிரித்துக் கேட்ட இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அடையாளம் என்று தனியாக எதையும் நான் தேடவில்லை. வடிவம் ஒத்துப்போகாத இடத்தில் கண் நின்றது, விடை அங்கேயே இருந்தது. நோட்டில் அவர் வண்டிக்கு வடிவம் ஏழு, வேலைத்தரம் பத்து. 'பொருள்' என்று போட்டிருந்த தலைப்பை அடித்துவிட்டு 'வேலை' என்று மாற்றியிருக்கிறேன்.

அக்டோபர். பத்துக்கு எட்டு.

இரண்டு தவறும் மோட்டோ குட்சி. வி7 ஸ்போர்ட்டின் முதல் வண்டிகளுக்கு ஃப்ரேம் சிவப்பு, பிறகு வந்தவற்றுக்குக் கருப்பு. கருப்பு வெள்ளைப் படத்தில் பிரிக்க முடியவில்லை. வேறு எதில் பிரிப்பது என்று இனிதான் படிக்க வேண்டும். அதை வடிவமைத்த லினோ தொன்தி ஃப்ரேமை இன்ஜினுக்கு எவ்வளவு நெருக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறார் என்பதை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். குழாய்கள் நேராக ஓடுகின்றன, வளைவே குறைவு. இந்த மாதம் முழுதும் டிரேசிங் பேப்பரில் இதுதான்.

நேற்று ராத்திரி தம்பியிடமிருந்து ஒரு படம், கலரில். அடர்சாம்பல் உடம்பு, சிவப்புச் சக்கரம்.

"சென்னாவா, பெயிண்ட் அடிச்சதாங்ணா?"

டயர் 190. ஃபேரிங்கும் வாலும் ஒரே சாம்பல். டேங்க் மட்டும் ஒரு சாயல் வெளிறித் தெரிகிறது. வெயிலாலும் இருக்கலாம். நிழலில் எடுத்த படம் ஒன்று கேட்டிருக்கிறேன்.