பத்து சதவீதம் என்று நம்பி வாங்கிய கடன்

போன வாரம்தான் அந்தக் கடனை முடித்தேன். நிம்மதிதான், ஆனாலும் மனசு இன்னும் ஆறவில்லை. 'பிளாட் வட்டி' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஒரு லட்சம், 36 மாதம், 10 சதவீதம், மாதத் தவணை 3,611. கடன் இரண்டே நாளில் கிடைத்தது. 18 தவணை கட்டியதும் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. மொத்தமாக அடைத்துவிடலாம் என்று போனேன். பாதிக் காலம் ஓடிவிட்டதே, அசல் 50,000தான் நிற்கும் என்பது என் கணக்கு. கவுன்டரில் இருந்தவர் 56,630 என்றார். ஏன் என்று கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் சார் காட்டுது."

சரி என்று மீதியையும் புரட்டிக்கொண்டு ஐந்து நாள் கழித்துப் போனேன். தேதி மாறியதால் நாள் வட்டி ஏறிவிட்டதாம். போதாததற்கு, முன்கூட்டியே முடிக்க 4 சதவீதக் கட்டணமாம்! முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? பணம் பத்தாமல் திரும்பினேன், ஒரு நாள் விடுப்பும் வீண். வாய்க்கணக்கை நம்பாதீர்கள். எந்தத் தேதிவரை எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிளாட் என்றால், நாம் திருப்பிக் கட்டிய அசலுக்கும் சேர்த்து, கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கே வட்டி. மூன்று வருடத்துக்கு 30,000. அதே தவணையைக் குறையும் நிலுவைக் கணக்கில், அதாவது மாதாமாதம் மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்ற கணக்கில் போட்டால் வட்டி வருடத்துக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதம் வருகிறது. அந்த வட்டியும் ஆரம்ப மாதங்களில்தான் அதிகம் பிடிபடுகிறது. நான் கட்டிய 65,000இல் வட்டிக்கே 21,630 போயிருந்தது. எக்செலில் ரேட் (RATE) சூத்திரத்தில் 36, -3611, 100000 என்று கொடுத்து 12ஆல் பெருக்குங்கள், உண்மையான விகிதம் வந்துவிடும். இதைக் கையெழுத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை எழுத்துக் கணக்கோடு போய் முடித்தேன். கட்டணம் போகவும் ஆறாயிரம் மிச்சம். நிலுவை இல்லை என்ற சான்று தபாலில் வரும் என்றார்கள். கையில் கொடுத்தால்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் முத்திரையோடு கொடுத்தார்கள்.