எந்தக் கை?

"எந்தக் கை முந்திச்சு?" என்று பிரதம நடுவர் கேட்டார். "இடது" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த யோசிக்காததுதான் இப்போது என்னைத் தின்கிறது.

அயல்நாட்டுப் பிள்ளைகளோடு வருசாவருசம் நடக்கிற வயதுப்பிரிவு நீச்சல் போட்டிக்குக் கொழும்பில் வைத்த தெரிவு அது. 100 மீற்றர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். ஆறாவது லேனில் எங்கட திருகோணமலைப் பிள்ளை. 50 மீற்றர் முனையில் அதே லேனுக்கு, சுவரைத் தொட்டுத் திரும்புவதைப் பார்க்கிற டேர்ன் நடுவராக நான். இரண்டு வருசமாக அவளைப் பழக்கினதும் நான்தான். காலையில் பட்டியலைக் கண்டவுடன் லேனை மாற்றித் தாருங்கோ என்று கேட்டிருக்கலாம். கேட்டால், 'ஊர்க்காரன்' என்று நானே எழுதிக் கழுத்தில் மாட்டின மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது எழுதிப் பார்க்க அது ஒரு காரணமாகவே தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்தது.

விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றைவிட்டு ஒன்று விலகி, சுவரில் பட வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் பாதகமில்லை, முந்திப் பிந்தக்கூடாது. நடுவர் பயிற்சியில் இதைவிட அழுத்திச் சொல்வது ஒன்றுண்டு: சந்தேகம் வந்தால் அது நீந்துகிற பிள்ளைக்கு. கண்டால் கையை உயர்த்து. கண்ட மாதிரி இருந்தால் சும்மா நில்.

நான் உயர்த்தினேன். இரண்டாவதாக வந்தவளின் பெயருக்கு நேரே, என் கையெழுத்தோடு, ஒரு தகுதிநீக்கத் துண்டு போனது. மூன்றாவதாக வந்த பிள்ளைக்கு இடம் கிடைத்தது. வலது உள்ளங்கை தண்ணீருக்குள் வந்துகொண்டிருக்கும்போதே இடது விரல்கள் சுவரில் இருந்தன. கண்டேன். கண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் நீச்சல் பழகினது டச்பே கடலில், அப்பாவின் வள்ளத்தைச் சுற்றி. நீந்தி வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்க ஒரு கை போதும். அவளுக்கு அது இடது கை. கச்சான் காற்றுக் காலத்தில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் பிள்ளைகளை இறக்கேலாது. டேர்ன் பழக ஒரு சுவர் கிடைப்பதே எங்களுக்குப் பெரும்பாடு. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்குநீரிணையைக் கடந்ததையும், 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்தி முடித்ததையும் சொல்லித்தான் பிள்ளைகளைக் கடலில் இறக்குவேன். அயல்நாட்டோடு எங்கட ஆட்களுக்கு இருந்த நீச்சல் தொடர்பு அது. அவர்கள் நீந்தின இடத்தில் சுவர் இல்லை. அந்தக் கதை சொல்கிற நானே கொழும்புக்குப் போய், வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு சுவரடியில் குனிந்து கை பார்க்கிறேன்.

"இடது முந்துது பிள்ளை, இடது!" என்று எத்தனை நூறு தரம் கத்தியிருப்பேன். அன்றைக்கு அந்த நுரைக்குள் நான் கண்டது அவளுடைய கையையா, என்னுடைய கத்தலையா? அந்த லேனில் முன்பின் தெரியாத பிள்ளை வந்திருந்தால் எந்தக் கை என்று உடனே சொல்லியிருப்பேனா? அதுக்கு முதல், கையை உயர்த்தித்தான் இருப்பேனா? தெரிந்த பிழை கண்ணில் சீக்கிரம் படும், அதுக்காக அது பிழை இல்லை என்றாகுமா என்றும் எனக்கு நானே வாதாடுகிறேன். அந்த வாதம் பகலில் நிற்கிறது, இரவில் நிற்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது, எழுத வெட்கம்தான்: கை உயர்த்தின கணத்தில் ஒரு சின்னப் பெருமை. பாருங்கோ, சொந்தப் பிள்ளைக்கும் விடமாட்டேன் என்கிற பெருமை.

ஊருக்குத் திரும்பின இரவு மெயில் ரயில் கல்ஓயாவில் நின்றது. எதிர்ச்சீட்டில் தாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நித்திரை இல்லை என்று தெரியும். பிள்ளை கேட்டாள்.

"சேர், நீங்கள் கண்டனீங்களா?"

"கண்டனான்."

"அப்ப சரி, சேர்."

அவ்வளவுதான். கோட்டை ஸ்டேஷனில் வாங்கின மாலுபாணில் ஒன்றை எனக்கு நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். அழுதிருந்தால், சண்டை பிடித்திருந்தால், பதில் சொல்ல எனக்கு விதி இருந்தது. 'அப்ப சரி'க்கு என்னிடம் ஒன்றும் இல்லை. "கண்ட மாதிரி இருந்தது" என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, இன்னும் கொடுமையாக இருந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

இந்த வருசமும் நடுவராக வரச்சொல்லி அழைப்பு வந்தது. நேரக்கணிப்புக்குப் போடுங்கோ என்று கேட்டேன். டேர்ன் நடுவர்தான் குறைவு, உங்களை மாதிரி நேர்மையான ஆள்தான் வேணும் என்று பதில் வந்திருக்கிறது. அவளும் நீந்துகிறாள், அதே 100 மீற்றர். கடிதம் மேசையில் கிடக்கிறது.