கெர்கெலன் தீவின் குக் பனிமூடியை அட்டையில் அடுக்கிய அனுபவம்

இரண்டு மாதங்களுக்கு முன் தொடங்கிய அட்டை மாதிரியின் பத்தாவது அடுக்கை, அதாவது 1,000 மீட்டர் உயரக்கோட்டுக்குரிய (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) துண்டை, நேற்று ஒட்டி முடித்தேன். இந்தியப் பெருங்கடலின் தெற்கே, ஏறத்தாழ 49 பாகை தென் அட்சத்தில், பிரான்ஸின் ஆளுகையில் இருக்கும் கெர்கெலன் தீவுக்கூட்டத்தின் பெருந்தீவில், மேற்குப் புறமாகக் கவிந்து கிடக்கும் குக் பனிமூடிதான், அதாவது நிலத்தைப் போர்வைபோல் மூடி எல்லாத் திசைகளிலும் வழியும் பெரும்பனிதான், இம்மாதிரியின் பொருள். அளவுத்திட்டம் 1:1,00,000. அதனால் தீவில் ஒரு சதுர கிலோமீட்டர் என் மேசையில் ஒரு சதுர சென்டிமீட்டராகிறது. 100 மீட்டர் உயரத்துக்கு 2 மில்லிமீட்டர் பைண்டிங் அட்டை ஒன்று என்று கணக்கு வைத்ததில் உயரம் மட்டும் உண்மையைவிட இரண்டு மடங்காகத் தெரியும். அவ்வாறு மிகைப்படுத்தாவிட்டால் இந்தப் பனிமூடி மேசையில் ஒரு தோசைக்கல் அளவுக்குத்தான் மேடாக இருந்திருக்கும்.

உயரத் தரவாக, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் அளந்த தொகுப்பை எடுத்துக்கொண்டேன். அது தெற்கே 56 பாகை வரைதான் செல்கிறது என்பதால், இன்னும் தெற்கே உள்ள தீவுகளுக்கு உதவாத அந்தத் தொகுப்பு கெர்கெலனுக்கு உதவியது. பனியின் எல்லையை வரைய 2001-ஆம் ஆண்டின் லேண்ட்சாட் 7 செயற்கைக்கோள் படத்தைப் பயன்படுத்தினேன். உயரமும் எல்லையும் ஏறத்தாழ ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தேன்.

பிழை வேறிடத்தில் நேர்ந்தது. தரவைக் கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் திறந்து, பாகை அளவிலேயே உயரக்கோடுகளை எடுத்து, அச்சிட்டு, நான்கு அடுக்குகளை வெட்டியும்விட்டேன். ஐந்தாவதை வெட்டுமுன் செயற்கைக்கோள் படத்தை அருகில் வைத்துப் பார்த்தபோது, என் பனிமூடி கிழக்கு மேற்காக யாரோ கையால் இழுத்துவிட்டதுபோல் நீண்டிருந்தது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கமும் ஒரு பாகை அட்சமும் ஏறத்தாழச் சமம். 49 பாகைத் தெற்கிலோ ஒரு பாகை அட்சம் 111 கிலோமீட்டராகவே இருக்க, ஒரு பாகைத் தீர்க்கம் 73 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இரண்டையும் சமச் சதுரமாக வரைந்ததால் அகலம் ஒன்றரை மடங்காகியிருந்தது. பள்ளிப் பாடத்தில் படித்த செய்திதான். நான்கு அட்டைகள் வீணான பிறகே கைக்கு எட்டியது. பின்னர் அனைத்தையும், பாகைக்குப் பதில் மீட்டரில் கட்டம் போடும் யுடிஎம் நிலப்பட முறையின் 42-ஆம் தெற்கு மண்டலத்துக்கு மாற்றினேன். அந்த மண்டலத்தின் நடுக்கோடு 69 பாகைக் கிழக்கு. பனிமூடி அதையொட்டியே இருப்பதால், கட்டக்கோட்டின் வடக்கும் உண்மை வடக்கும் என் தாளில் கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைந்தன. இவ்வளவு சிரமத்துக்கு இடையே கிடைத்த ஒரே சலுகை அது.

எல்லையை வரைவது நான் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. மேலைக்காற்று ஓயாமல் வீசும் அந்தப் பகுதியில் மேகமில்லாத நாள் அரிது. மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. கண்ணுக்குத் தெரியாத குறுஅலை அகச்சிவப்பு ஒளியின் பட்டையைச் சேர்த்துப் பொய்நிறப் படமாக மாற்றினால் பனி நீலம் கலந்த நிறத்தில் தனித்துத் தெரிகிறது, மேகம் வெளிறியே நிற்கிறது. ஆனால் அண்மையில் பெய்து, சில வாரங்களில் கரைந்துவிடும் வெண்பனி அதே நீலத்தில்தான் தெரியும். முதன்முறை அதையும் பனிமூடி என்று எண்ணிச் சேர்த்துவிட்டேன். கோடையின் முடிவில் எடுத்த படத்துக்கு மாறிய பின்னரே எல்லை ஒழுங்குக்கு வந்தது.

அந்த எல்லைக்குள் பரப்பு 411 சதுர கிலோமீட்டர் என்று மென்பொருள் சொன்னது. அதை நம்பாமல், எல்லையை அட்டையில் வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 52 கிராம். அதே அட்டையில் 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் 51 கிராம். அதாவது ஏறத்தாழ 408. ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் தராசுக்கு இது போதும். ஆய்வாளர்கள் 2001-ஆம் ஆண்டுக்குக் கணித்திருக்கும் பரப்பு 403 சதுர கிலோமீட்டர். 1963-இல் அது 501 ஆக இருந்தது.

அடுக்குகள் உயர உயரத்தான் இதன் வடிவம் எனக்குப் பிடிபட்டது. பனி என்றால் மலையுச்சி என்று நினைத்திருந்தேன். தீவின் மிக உயர்ந்த சிகரமான ரோஸ் மலை 1,850 மீட்டர். அது தென்கிழக்கே, என் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. அதன் சரிவுகளிலும் பனியாறுகள் உண்டு என்றாலும், தீவின் பெரும்பனி அங்கே இல்லை. 1,050 மீட்டர் அளவிலேயே உச்சி முடிந்துவிடும் இந்தத் தாழ்ந்த பீடபூமியின் மீதே அது குவிந்திருக்கிறது. காரணம் உயரம் அன்று, திசை: ஈரக்காற்று மேற்குக் கடலிலிருந்து வந்து முதலில் ஏறும் நிலம் இதுதான், இங்கே ஈரத்தைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும் காற்று வறண்டுவிடுகிறது. ஆய்வாளர்கள் தங்கும் போர்ட்-ஓ-பிரான்சே நிலையம் அந்த வறண்ட கிழக்குப் பக்கத்தில், மார்பியான் வளைகுடாவின் கரையில் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

மேலடுக்குகளை வெட்டும்போது கத்திக்கு வேலையே இல்லை. கோடுகள் அகன்று, மெல்ல வளைந்து செல்லும். விளிம்புக்கு இறங்கியதும் அவை நெருங்கி, பனியாறுகள் வெளியேறும் இடங்களில் நாக்குகளாக நீள்கின்றன. பனியாற்றின் மேற்பகுதியில் உயரக்கோடு உள்நோக்கிக் குழிவதையும், கீழ்ப்பகுதியில் வெளிநோக்கிப் புடைப்பதையும் கத்தி திரும்பும் திசையிலேயே உணர்ந்தேன். மேலே பனி சேர்கிறது. கீழே விளிம்புகள் முதலில் உருகுவதால் நடு மேடாக நிற்கிறது. தென்கிழக்கே இறங்கும் அம்பேர் பனியாறுதான் இவற்றுள் பெரியது. அதன் முகத்துக்கு முன்னால், பனி பின்வாங்கிய பள்ளத்தில் ஓர் ஏரி தேங்கியிருக்கிறது.

ஒட்டும்போது ஃபெவிகாலின் ஈரத்தில் அட்டைகள் ஓரம் தூக்கிக்கொண்டன. ஒவ்வோர் அடுக்கின் மீதும் செய்தித்தாள் விரித்து, ஓர் இரவு முழுவதும் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன். பனி மூடிய இடங்களில் மட்டும் வால் புட்டியைப் பூசிப் படிகளை மழுங்கடித்தேன்; பசால்ட் பாறை வெளித்தெரியும் இடங்களில் படிகளை அப்படியே விட்டுவிட்டேன். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவான தீவுக்கு அந்தப் படிகள் பொருந்தவே செய்கின்றன. புட்டி காய்ந்ததும் ஒரு சிட்டிகைக் கடுகை உச்சியில் தூவினேன். அவை எல்லாத் திசைகளிலும் உருண்டன. ஒரு பள்ளத்தாக்குக்குள் அடங்கும் பனியாற்றுக்கும் பனிமூடிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது செய்துகொண்டிருப்பது 1963-க்கும் 2001-க்கும் இடையே இழந்த 98 சதுர கிலோமீட்டரைத் தனித்துண்டுகளாக வெட்டி, வேண்டும்போது பொருத்தி எடுக்கும்படி அமைப்பது. என் அளவில் அது 98 சதுர சென்டிமீட்டர் அட்டை. வெப்பநிலை உயர்வு மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணியிருந்தேன். 2016-இல் வெளிவந்த ஆய்வு மழையும் பனிப்பொழிவும் குறைந்ததையே முதன்மைக் காரணமாகக் காட்டுகிறது. பரப்புச் சுருங்கியதை விளிம்புத் துண்டுகள் காட்டிவிடும். ஆண்டுக்கு 1.4 முதல் 1.7 மீட்டர் வரை என்று கணிக்கப்பட்டிருக்கும் தடிமன் இழப்பு, நாற்பது ஆண்டுகளுக்குச் சேர்த்தாலும் என் அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே வருகிறது. அதற்குப் பைண்டிங் அட்டை உதவாது. விசிட்டிங் கார்டு அட்டையை நான்கைந்து மடிப்பாக ஒட்டிப் பார்க்க வேண்டும்.