செங்குத்துச் சரிவும் மரக்காடும்: ஜப்பானில் எந்த மலைக்குப் போவது?

சம்பா அறுவடை நடக்கும் தை மாதமும் அதையடுத்த மாசியும்தான் ஜப்பானில் பனிச்சறுக்குக்கு மிக உகந்த காலம். கும்பகோணத்துப் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, ஜப்பானில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, ஊர் திரும்பிய பிறகும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சேர்த்துவிட்டு மாசியில் மலைக்குக் கிளம்பும் வழக்கத்தை நான் விடவில்லை. அதனால் தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் பகுதியிலிருந்து அங்கே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் ஓரளவு சறுக்கப் பழகியதும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: செங்குத்தான சரிவும் வேண்டும், மரங்களுக்கு நடுவே சறுக்கவும் வேண்டும் என்றால் எந்த வட்டாரத்துக்குப் போவது? இந்த இரண்டும் ஒரே மலையில் சேர்ந்து கிடைப்பது அரிது. கிடைக்கும் ஒன்றிரண்டு இடங்களும் பெரும்பாலோர் முதலில் தேடிப்போகும் இடங்கள் அல்ல என்பதுதான் என் அனுபவம்.

காரணத்தைப் பனி விழும் விதத்திலிருந்தே தொடங்கிச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை முகந்து வந்து நமக்கு மழையாகப் பெய்வதைப் போலவே, சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட கடுங்குளிர்க் காற்று, சுஷிமா நீரோட்டத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் ஜப்பான் கடலின் மேல் வரும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு, எதிரே நிற்கும் மலைத்தொடரில் மோதி மேலெழுந்து பனியாகக் கொட்டுகிறது. ஆகவே கடலுக்கு அருகிலுள்ள மலைகளில் பனியின் அளவு மிகுதி. ஆனால் தாழ்வான, தெற்கே தள்ளிய இடங்களில் அதே பனி சற்று ஈரமாகவும் கனமாகவும் இருக்கும். உள்நாட்டுக்குள் தள்ளியிருக்கும் மலைகளில் அளவு குறைந்தாலும் பனி உலர்ந்து மாவு போல விழும். மலையின் வடிவம் இதற்குத் தொடர்பில்லாத தனிக் கணக்கு. வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பனிச்சறுக்குத் தளங்கள் அமைந்த மலைகளில் பல உயரம் குறைந்தவை, உருண்டையான தோள் கொண்டவை. முதன்மைத் தீவான ஹொன்ஷூவின் நடுவே நிற்கும் வடக்கு ஆல்ப்ஸ் தொடரோ ஏறக்குறைய 3,000 மீட்டர் வரை எழுந்து, கூரிய முகடுகளோடு நிற்கிறது.

முதலில் எல்லோரும் சொல்வது ஹொக்கைடோவிலுள்ள நிசேகோ. அன்னுபுரி என்ற 1,308 மீட்டர் மலையைச் சுற்றி நான்கு தளங்கள் ஒரே சீட்டில் இணைந்திருக்கின்றன. பனியின் அளவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சரிவில்தான் இருக்கிறது. இடுப்பளவு புதுப்பனியில் 15 பாகை சரிவு போதவே போதாது. காலில் மாட்டிய சறுக்குப் பலகை மூழ்கி, வேகம் செத்து, மலையின் நடுவில் நின்றுவிடுவோம். கோலை ஊன்றினால் அடியைத் தொடாமல் கைப்பிடி வரை உள்ளே போகும். அந்த நிலையில் பத்து மீட்டர் நகர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். பனி எவ்வளவுக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சரிவும் கூட வேண்டும் என்பதைத் தளத்தின் வரைபடம் நமக்குச் சொல்லாது. நிசேகோவில் நல்ல சரிவு வேண்டுமென்றால், மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட நாற்காலியான லிஃப்டில் உச்சிக்குப் போய், தள எல்லையிலுள்ள கேட் வழியாக வெளியேறி, பலகையைத் தோளில் சுமந்துகொண்டு சிகரத்துக்கு நடந்து ஏற வேண்டும். அந்த கேட் முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கேட் திறந்திருந்தால் போகலாம், மூடியிருந்தால் போகக் கூடாது, கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகவே கூடாது, யுனோசாவா பள்ளத்தாக்கு எந்நாளும் தடை என்று விதிகள் தெளிவாக இருக்கின்றன. பனிச்சரிவு, அதாவது பனி மொத்தமாகப் பெயர்ந்து ஓடும் அபாயம் பற்றிய அறிக்கையும் காலையில் வெளிவந்துவிடுகிறது. ஆனால் கேட் திறக்கும் நாளில் அங்கே திரளும் கூட்டம், மதியத்துக்குள் அந்தச் சரிவு முழுவதையும் உழுது விடுகிறது.

மரக்காடு மட்டும் போதும் என்பவர்களுக்கு அதே வட்டாரத்தில் ருசுட்சு சிறந்தது. மூன்று குன்றுகள், உயரம் 1,000 மீட்டரைத் தொடாது. ஆனால் மரங்களின் இடைவெளி வேண்டுமென்றே நட்டு வைத்ததைப் போல அமைந்திருக்கும். அங்கே நிற்பவற்றில் பல ஒருவகை பூர்ச்ச மரங்கள். வெளிர்நிறப் பட்டை காகிதச் சுருளாக உரிந்து தொங்கும், குளிர்காலத்தில் இலை இராது. காட்டின் தரை முழுவதும் இடுப்புயரக் குறுமூங்கில் புதர் அடர்ந்து வளர்வது ஹொக்கைடோவின் இயல்பு. போதுமான பனி விழுந்து அந்தப் புதரை மடக்கி அமுக்கிய பிறகுதான் காட்டுக்குள் சறுக்க முடியும். டிசம்பரில் போனவர்கள் காடு சரியில்லை என்று திரும்புவதற்குக் காரணம் இதுதான். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை புதர் முழுவதும் புதைந்து, தரை ஒரே விரிப்பாகிவிடும். மரத்தைப் பார்த்தால் மரத்தில்தான் போய் மோதுவோம். இரண்டு மரங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளையை மட்டும் பார்த்து, அதற்கு அடுத்த இடைவெளியை இப்போதே கண்ணால் பிடித்துவிட வேண்டும். ருசுட்சுவில் இது ஓரிரு நாளில் கைவந்துவிடும், ஏனென்றால் அந்தக் காடு பழகுபவருக்கு இடம் கொடுக்கிறது.

ஹொக்கைடோவின் உட்பகுதியில் ஃபுரானோவும் அசாஹிகாவாவைச் சுற்றிய மலைகளும் வேறு குணம் கொண்டவை. கடலிலிருந்து தள்ளியிருப்பதால் பனியின் அளவு நிசேகோவை விடக் குறைவு. உலர்வு மிக அதிகம். காமுய் ஸ்கீ லிங்க்ஸ் என்ற சிறிய தளம் மரங்களிடையே சறுக்குவதைத் தாராளமாக அனுமதிக்கிறது, கூட்டமும் குறைவு. அசாஹிடாகே 2,291 மீட்டர், ஹொக்கைடோவின் மிக உயர்ந்த சிகரம். ஒரே ஒரு ரோப் கார் 1,100 மீட்டரிலிருந்து 1,600 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். மேலே எரிமலைப் புகை எழும் திறந்த வெளி, கீழே காடு. பெயருக்கு ஏற்ற செங்குத்து அங்கே குறைவு. பார்வை மறைந்துவிட்டால் திசை தவறும் ஆபத்து அதிகம். அதே மலைக்கூட்டத்தின் மறுபக்கமுள்ள குரோடாகேதான் ஹொக்கைடோவில் நான் கண்டவற்றில் செங்குத்தும் மரமும் உண்மையாகச் சேர்ந்த இடம். லிஃப்ட் 1,500 மீட்டருக்கு மேல் வரை போகிறது. அதற்குக் கீழே கால்தொடை நடுங்கும் சரிவில் மரங்கள் நிற்கின்றன. இடைநிலைச் சறுக்காளருக்கு அங்கே வேலையில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

செங்குத்து என்பதே முதன்மை என்றால் நாகானோ மாகாணத்தின் ஹகுபாவுக்கு ஈடு ஜப்பானில் இல்லை. ஹாப்போ-ஒனே தளத்தில் மிக உயர்ந்த லிஃப்ட் 1,831 மீட்டரில் முடிகிறது. அங்கிருந்து அடிவாரம் வரை 1,071 மீட்டர் இறக்கம். 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் டவுன்ஹில் எனப்படும் அதிவேக இறக்கப் போட்டி இங்கேதான் நடந்தது. ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையர் அந்தப் போட்டியில் வேகத்தை அடக்க முடியாமல் காற்றில் தூக்கியெறியப்பட்டு வலைகளைத் தாண்டி விழுந்ததும், சில நாட்களிலேயே எழுந்து வந்து இரண்டு தங்கம் வென்றதும் இந்தச் சரிவின் தன்மையைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் ஹாப்போவின் மேற்பகுதி மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே இருக்கிறது. திறந்த முகடு, பலத்த காற்று, பனிச்சரிவு நிகழும் ஓடைப்பள்ளங்கள். புயல் நாளில் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நாளில் காட்டைத் தேடிப் பள்ளத்தாக்கின் வடகோடிக்குப் போவதே வழக்கம். அங்கே ஒடாரி கிராமத்திலுள்ள கோர்டினா, ஹகுபா பள்ளத்தாக்கிலேயே மிகுதியான பனியைப் பெறும் தளங்களில் ஒன்று. பீச் (beech) என்னும் இலையுதிர் மரங்களின் காட்டுக்குள் நல்ல சரிவு உண்டு. புதுப்பனி விழுந்த காலையில் லிஃப்ட் திறப்பதற்கு முன்பே நீண்ட வரிசை நிற்பதும் உண்டு. ஆகவே ஹகுபாவில் வானிலை பார்த்து ஹாப்போவா கோர்டினாவா என்று காலையில் முடிவெடுக்க வண்டி வசதி வேண்டும்.

என் அக்காள் மகன் டோக்கியோவில், நிஷிகசாய் பகுதியில் இருக்கிறான். சென்ற பருவத்தில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, மூணு நாள்தான் லீவு இருக்கு. சரிவும் வேணும், காடும் வேணும், எங்க போறது?" என்று கேட்டான். "மாப்பிள்ளை, யோசிக்காம மியோகோ பக்கம் போ" என்றேன். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஜோஎட்சு மியோகோ நிலையத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2,454 மீட்டர் மியோகோ மலையின் அடியிலும் அதைச் சுற்றியும் குணத்தால் வேறுபட்ட பல தளங்கள் நெருக்கமாக இருக்கின்றன. செகி ஒன்சென் இரண்டே லிஃப்டுகள் கொண்ட சிறிய, பழைய தளம். இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்தும் பழக்கம் அங்கே மிகக் குறைவு, விழுந்த பனி விழுந்தபடியே கிடக்கும், சரிவும் குறைவில்லை. நாகானோ, நீகாடா எல்லையிலுள்ள மடராவ் மரக்காட்டுப் பாதைகளைத் தன் வரைபடத்திலேயே முறையாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் சரிவு மிதமானது, காட்டுக்குள் பழகுவதற்கு உரியது.

நான் மீண்டும் மீண்டும் பரிந்துரைப்பது அராய். 2006-இல் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கிடந்த அந்தத் தளத்தை லோட்டே நிறுவனம் வாங்கி, 2017 டிசம்பரில் மறுபடி திறந்தது. சமன்படுத்தாத பெரும் சரிவுகளைத் தள எல்லைக்குள்ளேயே வைத்து, பனிச்சரிவு அபாயத்தைத் தங்கள் ஆட்களைக் கொண்டு சோதித்துச் சீர்செய்து, பகுதி பகுதியாகத் திறக்கும் முறையை அங்கே பின்பற்றுகிறார்கள். ஜப்பானில் இது பரவலாக இல்லாத ஏற்பாடு. கிண்ணம் போலக் குழிந்த அகன்ற செங்குத்துச் சரிவில் இறங்கத் தொடங்கி, பாதி வழியில் மரங்களுக்குள் புகுந்து, தளத்தின் எல்லையைத் தாண்டாமலே அடிவாரம் வந்து சேரலாம். குறை ஒன்று உண்டு: கடல் அருகில், உயரமும் குறைவு. காலையில் இலேசாக இருந்த பனி வெயில் பட்டதும் கனத்து, முழங்காலைப் பிடித்து இழுக்கும். பிப்ரவரி இறுதிக்குப் பிறகு போனால் அந்தக் கனம் அதிகமாகும் என்பதால், அராய்க்கு அறுவடையைச் சற்று முன்னதாக முடித்துக்கொண்டு தை கடைசியிலேயே போவதே நல்லது. ஹொக்கைடோவின் உட்பகுதிக்கு மாசி நடுவில் போனாலும் குளிர் காத்திருக்கும்.

ஹொன்ஷூவின் வடபகுதியான தொஹோக்கு வட்டாரத்தைப் பற்றி இரண்டு சொல் போதும். அவோமோரியின் ஹக்கோடாவில் பனியின் அளவு வியக்க வைப்பது. அதன் அடிவாரத்திலுள்ள சுகாயுவில் 2013 பிப்ரவரியில் 566 சென்டிமீட்டர் பனி தேங்கியது. உச்சியில் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் பனி போர்த்தி உருத் தெரியாமல் நிற்கும், கீழே பீச் காடு. ஆனால் ஒரே ரோப் கார், அதுவும் காற்று எழுந்தால் நின்றுவிடும். 1902 ஜனவரியில் பயிற்சிக்கு ஏறிய 210 ராணுவ வீரர்களில் 199 பேர் மாண்ட மலை அது. வழிகாட்டி இல்லாமல் அங்கே யாரையும் நான் அனுப்ப மாட்டேன்.

கடைசியாக, மரக்காட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்காக. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் நிகழ்கிறது. நாம் தேடிப்போகும் செங்குத்தும் அதே அளவுதான். சறுக்கும் அளவுக்கு மரங்கள் விலகி நின்றால், பனி பெயர்ந்து ஓடுவதற்கும் அந்த இடைவெளி போதும். ஃபிர் போன்ற பசுமை மாறா மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றிக் குழி உருவாகியிருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவரால் தானாக வெளிவர முடிவதில்லை. எனவே காட்டுக்குள் எப்போதும் இருவராகப் போக வேண்டும், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் படும் தூரத்தில் சறுக்க வேண்டும். பனியில் புதைந்தவரைச் சமிக்ஞையால் கண்டறிய உதவும் பீக்கன் கருவி, பனியில் குத்தித் தேடும் புரோப் கம்பு, பனி அள்ளும் மண்வாரி ஆகிய மூன்றும் இருவரிடமும் இருக்க வேண்டும். அவற்றை வாடகைக்கு எடுத்த அன்றே அடிவாரத்தில் ஒரு பீக்கனைப் பனியில் புதைத்துத் தேடிப் பழகிவிட்டுத்தான் லிஃப்டில் ஏற வேண்டும்.