சனிக்கிழமை ஒலிச்சித்திரம்

2025 ஜூன் 7, சனி

பழைய படங்களைப் பற்றிய எங்கள் சனிக்கிழமை இணைய நேரலை இன்று பத்தொன்பதாவது நிமிடத்தில் அறுந்தது. 1954இல் வந்த ஜப்பானியப் படமான 'காட்ஸில்லா'வைப் பற்றி நாங்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த மிருகத்தின் கர்ஜனையைக் காட்டாமல் பேசி என்ன பயன் என்று நாற்பது விநாடித் துணுக்கு ஒன்றை நான் ஓடவிட்டதுதான் குற்றம். பதிப்புரிமை என்று தொடங்கும் ஒற்றை வரி திரையில் வந்து நின்றது. எங்கள் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்த முப்பத்தொரு பேரும் ஒன்றாகக் காணாமல் போனார்கள்.

இரவு பதினொரு மணிக்குச் சேலத்து நண்பன் அழைத்து, இனி எதையும் காட்ட வேண்டாம், சொல்லுவோம் என்றான். படத்தைப் பற்றிய நிகழ்ச்சியில் படமே இல்லாவிட்டால் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்றேன். "டேய், ஞாயித்துக்கெழம மத்தியானம் ரேடியோல படத்தோட ஒலிய மட்டும் போடுற ஒலிச்சித்திரம் கேட்டு வளந்த ஆளு நீ, நீயா இதக் கேக்குற?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 14, சனி

அதே படம், இந்த முறை ஒரு துணுக்கும் இல்லாமல்.

கும்பகோணத்துத் தோழி பதினைந்து ஆண்டுகள் வயலின் கற்றவள். அந்தக் கர்ஜனையை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே உருவாக்கிய விதத்தை வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது எளிது என்று முடிவெடுத்துவிட்டாள். முதலில் உண்மையான விலங்குகளின் குரலைப் பயன்படுத்திப் பார்த்து அது பொருந்தாமல் போகவே, இஃபுகுபே டபுள் பாஸ் என்னும் ஆளுயர நரம்பிசைக் கருவியின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் பூசிய தோல் கையுறையால் அவற்றை நெடுக உராய்த்து, கிடைத்த ஒலியின் வேகத்தைக் குறைத்தார். தோழியிடம் டபுள் பாஸ் இல்லை. ஆகவே, வயலினின் மிகக் கனமான தந்தியைப் பிருடை திருகித் தளர்த்தினாள். அவளுடைய அண்ணன் பைக் ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் கையுறையின் விரல்நுனியில் வில்லுக்குப் பூசும் ரோசின் பிசினைத் தேய்த்து, தந்திகளைத் தாங்கும் குதிரையிலிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள். கதவிடுக்கில் சிக்கிய பூனையின் குரல்தான் வந்தது. பதிவைக் கால்பங்கு வேகத்துக்கு இறக்கி மறுபடி ஒலிக்கவிட்டபோது, அந்தப் பூனை எங்கோ வயிற்றுக்குள் இறங்கி, பெரிதாகி, வலியில் முனகும் ஏதோவொன்றாக மாறியிருந்தது. அதன்பின் சில நொடிகள் அரட்டைப் பெட்டியில் ஒரு சொல்லும் விழவில்லை.

அந்தக் குரலில் ஏன் வலி இருக்கிறது என்பதுதான் இன்று நான் பேசிய பகுதி. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, 23 மீனவர்களுடன் சென்றிருந்த ஜப்பானிய டூனாப் படகு ஒன்றின்மேல் கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. அவர்களில் வானொலி இயக்குநராக இருந்தவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று படம் திரைக்கு வந்தது. அதன் முதல் காட்சியே மாலுமிகள் மேல்தளத்தில் ஓய்வாக அமர்ந்திருக்கும் கப்பலும், திடீரென்று கடலில் எழும் ஒளியும்தான். அதைப் பார்த்த ஜப்பானிய ரசிகனுக்கு எந்தப் படகு நினைவுக்கு வந்திருக்கும் என்று யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

ஜூன் 16, திங்கள்

கேட்பவர்களில் ஓர் அக்கா இருக்கிறார். சனிக்கிழமை இரவுதான் வாரத்துக்கான இட்லி மாவை அரைப்பாராம். கைப்பேசியை அடுக்களை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு கிரைண்டர் ஓட ஓட எங்களைக் கேட்கிறாராம். திரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று இன்று எழுதியிருக்கிறார். ஜூன் 7 அன்று நாங்கள் காட்டிய துணுக்கால் அவருக்குப் பயன் ஒன்றும் இருந்திருக்காது. கூடவே ஒரு கேள்வி: "அந்த மிருகம் நடக்கும்போது வால் தரையில் இழுபடுகிறதா, தூக்கிக்கொண்டு நடக்கிறதா?" படத்தை நான்கு முறை பார்த்திருந்தும் உடனே சொல்லத் தெரியாமல், மீண்டும் போட்டுப் பார்த்தேன். இழுபடுகிறது. ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடைக்குள் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர் நடக்கிறார். அந்த நடைக்குப் பிரம்மாண்டம் வர வேண்டுமென்று காட்சியைக் கூடுதல் வேகத்தில் படம்பிடித்து மெதுவாக ஓட்டுகிறார்கள். ஒலிக்குச் செய்த அதே தந்திரம்தான் உருவத்துக்கும்.

ஜூன் 21, சனி

'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. உலகின் மிக மோசமான படம் என்று 1980இல் ஒரு புத்தகம் பட்டம் சூட்டிய பிறகே இது பெயர்பெற்றது. சேலத்து நண்பன் ஒரு மணி நேரம் கேலி செய்யத் தயாராக வந்திருந்தான். மோசமான படத்தைக் கேலி செய்வதைப்போல எளிய வேலை உலகில் வேறில்லை என்பது என் எண்ணம். இதை அவனிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் இன்று கேலிக்கு அவசியமே ஏற்படவில்லை. காட்சியை உள்ளபடி சொன்னாலே போதுமாக இருந்தது. காவல்துறை வண்டி பகலில் கிளம்பி இரவில் போய், அடுத்த துண்டில் மறுபடி பகலில் ஓடுகிறது, "இப்போது பகலா, இரவா?" என்று அக்கா மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் நாங்கள் வெவ்வேறு பதில் சொல்ல வேண்டியிருந்தது. விமானியின் அறைக்குக் கதவில்லை, திரைச்சீலைதான்.

நான் நின்று பேசியது இந்தப் படத்தில் வரும் நடிகர் பேலா லுகோசியைப் பற்றி. அவர் 1956 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அதற்கு முன்பு வேறெதற்கோ எடுத்து வைத்திருந்த, பேச்சில்லாத சில நிமிடக் காட்சிகள் மட்டுமே இயக்குநர் எட் வுட்டின் கையில் இருந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல் அவற்றைச் சுற்றி ஒரு கதையைக் கட்டி, மீதிக் காட்சிகளில் தம் மனைவியின் முதுகெலும்பு வைத்தியரைக் கறுப்பு மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் செய்தார். அந்த மனிதர் லுகோசியைவிட நன்றாக உயரம். செத்துப்போன நண்பரை இன்னொரு முறை நடிக்கவைக்க வேண்டுமென்ற பிடிவாதம் அந்தப் படத்தில் இருக்கிறது என்றேன். "அதுக்காக டாக்டரையா நடிக்க வப்பாங்க?" என்றான் நண்பன். தோழி சிரித்த சிரிப்பில் ஒலிவாங்கி கீழே விழுந்தது.

ஜூன் 22, ஞாயிறு

திருத்தம் ஒன்று. 'பிளான் 9' படத்தில் வரும் பறக்கும் தட்டுகள் கார்ச் சக்கர மூடிகள் என்று நேற்று நான் உறுதியாகச் சொன்னேன். அது பல காலமாக உலவும் கதை. அவை கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைத் தட்டுகள், கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். கேட்ட ஒருவர் பணிவாகத் திருத்தினார். அடுத்த நேரலையின் தொடக்கத்தில் இதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 28, சனி

முதலில் 'ஃபர்பிட்டன் பிளானட்' (1956) படத்தைச் சுருக்கமாகப் பார்த்தோம். முழுக்க மின்னணு ஒலிகளால் இசையமைக்கப்பட்ட முதல் திரைப்படம் அது. லூயி பேரன், பீபி பேரன் என்ற தம்பதி தாங்களே மின்சுற்றுகளை அமைத்து, அவை தாங்க முடியாத அளவுக்கு மின்சாரம் பாய்ச்சி, அவை கருகிச் சாகும்போது எழுப்பிய ஒலியைப் பதிவு செய்தார்கள். இசைக்கலைஞர் சங்கத்தோடு வம்பு வேண்டாமென்று பெயர்ப்பட்டியலில் 'இசை' என்று போடாமல் 'மின்னணுத் தொனிகள்' என்று போட்டுவிட்டார்கள். தோழிக்கு இதில் இன்னமும் கோபம்.

மீதி நேரம் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடருக்குப் போனது. பிபிசி 1960களின் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. நாடா விலை அதிகம், நடிகர் ஒப்பந்தங்களும் மறு ஒளிபரப்புக்கு வரம்பு வைத்திருந்தன, பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பும் இருந்தது. முதல் ஆறு ஆண்டுகளின் 253 பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு இன்று படம் கிடையாது. ஆனால் அத்தனை பகுதிகளுக்கும் ஒலி இருக்கிறது. காரணம், ஒளிபரப்பான நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு, வீட்டில் யாரையும் வாய்திறக்க விடாமல் பதிவு செய்த சில சிறுவர்கள்.

இதைச் சொன்னதும் அரட்டைப் பெட்டி நிரம்பிவிட்டது. ரேடியோவில் போட்ட ஒலிச்சித்திரத்தை டேப் ரெக்கார்டரில் பிடித்தவர்கள், பின்னணியில் தாத்தாவின் இருமலோடு வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள், கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததால் உச்சக்கட்டத்தை இழந்தவர்கள் என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். நாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு அவர்கள் எழுதியதை உரக்கப் படித்தோம். இதுவரை நடந்தவற்றில் எனக்குப் பிடித்த நேரலை இதுதான்.

ஜூலை 3, வியாழன்

சேலத்து நண்பன் ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அழைத்தான். 1952இல் டி.ஆர். சுந்தரத்தின் அந்த நிறுவனம் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தைத்தான் இந்த வாரம் வைத்திருக்கிறோம்; ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோரோடு நம் எம்.என். நம்பியாரும் இருக்கிறார். காட்டு மிருகங்கள் மிரண்டோடிக் கிராமங்களைத் தாக்குவதற்குக் காரணம், அழிந்துபோனதாக நினைத்த மாமத யானைகள், அதாவது உடலெங்கும் ரோமம் கொண்ட ஆதிகால யானைகள். அவை வேறு யாருமில்லை, ரோமப் போர்வை போர்த்திய நம்மூர் யானைகளே. வெயிலில் அந்தப் போர்வையோடு நின்ற யானைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று அக்கா முன்கூட்டியே எழுதிவிட்டார்.

ஜூலை 5, சனி

'காடு' அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கதை நடையும் தேடலுமாகவே போகிறது, யானைகள் வருவதற்குள் சொல்பவனுக்கே களைத்துவிடுகிறது. எனவே அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த 'கலை அரசி'யை இன்றே தொடங்கினோம். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகளில், 1963இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் வந்த படம். இதிலும் நம்பியார், பதினோரு ஆண்டுகளில் காட்டிலிருந்து கோளுக்குப் போய்விட்டார். அவருடைய கோளில் விஞ்ஞானம் உண்டு, கலை கிடையாது. ஆகவே பூமிக்கு வந்து, பாடத் தெரிந்த பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், எம்.ஜி.ஆர். பின்னாலேயே போகிறார். அதே காலத்து வெளிநாட்டுப் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடிக்கவும் எச்சரிக்கவும் வந்துகொண்டிருந்தபோது, நம் படத்தில் பாட்டு வாத்தியாரைத் தேடி வருகிறார்கள். இந்த ஒரு கற்பனைக்காகவே அந்த அட்டைக் கோளின் குறைகள் அனைத்தையும் நான் மன்னிப்பேன்.

பாட்டைப் போட முடியாது என்பதால் தோழி கே.வி. மகாதேவனின் மெட்டொன்றை வயலினில் நான்கு வரி வாசித்தாள். தளம் அதையும் அடையாளம் கண்டு அறுத்துவிடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஒன்றும் ஆகவில்லை. "கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்" என்று அக்கா எழுதினார்.

அடுத்த சனி 'மெட்ரோபோலிஸ்', 1927இல் வந்த ஊமைப் படம். வெட்டியெறியப்பட்டு என்றென்றைக்குமாகத் தொலைந்துவிட்டதாக நம்பப்பட்ட அதன் காட்சிகள் 2008இல் புவெனஸ் ஐரிஸ் நகர அருங்காட்சியகம் ஒன்றில் கிடைத்தன. ஊமைப் படத்தை ஒலிச்சித்திரமாக எப்படிச் சொல்வதென்று மூவருக்கும் இன்னும் பிடிபடவில்லை. அக்கா மட்டும் உளுந்தை மாலை ஐந்து மணிக்கே ஊறப்போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.