கே.என். 751 என்கிற எச்.இ. 807: ஒரு லிபரேட்டரின் பணி வரலாறு

லண்டன் ஹெண்டனில் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் நிற்கும் பி-24 லிபரேட்டர் என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் பிரிட்டிஷ் எண் கே.என். 751. இந்திய விமானப்படையில் அதுவே எச்.இ. 807. பிரிட்டனுக்காக அது பறந்தது சில மாதங்கள்தான். இந்தியாவில் செய்த பணிதான் அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி. அதனால்தான் அது இன்று உருப்படியாக இருக்கிறது.

அமெரிக்க எண் 44-50206. முதலில் வரும் 44 ஆர்டர் போட்ட நிதியாண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. பலர் இங்கே தடுமாறுகிறார்கள். ஃபோர்டின் வில்லோ ரன் ஆலையில் தயாரானது. 1945-இல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் இருந்த பிரிட்டனின் 99-ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவில்) பறந்தது.

போர் முடிந்ததும், அமெரிக்கா பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுத்த கடன்-குத்தகை ஒப்பந்தப்படி, இந்த லிபரேட்டர்களை யாரும் இனிப் பறக்கவிடாதபடி செய்ய வேண்டியிருந்தது. கான்பூர் சக்கேரியில் வரிசையாக நிறுத்தி, கருவிகளை உடைத்து, இன்ஜின்களில் மணல் கொட்டினார்கள். மணல் பொல்லாதது. ஆயிலோடு கலந்து பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரித்துவிடும். கழுவிவிட்டு ஓட்ட முடியாது. முழுதாகப் பிரிக்க வேண்டும், அல்லது வேறு இன்ஜின் பொருத்த வேண்டும். ஒரு லிபரேட்டருக்கு அப்படி நான்கு: 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி ஆர்-1830.

பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் இந்தக் குவியலில் தேறுவதைப் பொறுக்கி, பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்தார்கள். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழு ஓவர்ஹால் (பிரித்துப் பழுதுபார்ப்பது) அங்கேதான். இப்படிச் சுமார் 40 விமானங்கள் மீண்டன. இந்திய விமானவியலில் இதற்கு இணையான பட்டறை வேலை அரிது.

1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றோடு தொடங்கியது. பிறகு 6-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றைக் கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது. எச்.இ. 807 இருந்தது இங்கேதான். லிபரேட்டரின் நீண்டு குறுகிய ‘டேவிஸ்’ வகை இறக்கைக்குக் காற்றுத்தடை குறைவு. நெடுந்தூரக் கடல் ரோந்துக்கு அது தோது.

தொல்லைகளும் உண்டு. எரிபொருள் பைகள் இறக்கையில், ‘பாம் பே’ எனும் குண்டு அறைக்கு மேலே இருக்கின்றன. ரப்பர் பையோ குழாயோ கசிந்தால் ஆவி குண்டு அறையில் தேங்கும். ஒரு பொறி போதும். அதனால் அந்த அறையின் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துப் பறக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கதவு கடை ஷட்டர்போல உடலின் பக்கவாட்டில் சுருண்டு ஏறும். ஒரு மடிப்பு வளைந்தாலும் தண்டவாளத்தில் சிக்கிக்கொள்ளும். மூக்குச் சக்கரக் கால் பலவீனமானது. தரை தொட்டதும் மூக்கைக் கூடியவரை தூக்கிப்பிடித்து மெல்ல இறக்க வேண்டும்.

1968-இல் இந்திய லிபரேட்டர்களுக்கு ஓய்வு. உலகில் கடைசிவரை லிபரேட்டரைப் படைப்பணியில் வைத்திருந்தது இந்தியாதான். 1974-இல் எச்.இ. 807 பிரிட்டனுக்குப் பரிசாகப் போனது, கப்பலில் அல்ல, இங்கிலாந்தின் கோல்ர்ன் விமானத்தளம் வரை பறந்தே. கனடாவுக்கு இன்னொரு லிபரேட்டர் போனது, பதிலுக்கு அங்கிருந்து லைசாண்டர் என்னும் பழைய பிரிட்டிஷ் ரக விமானம் ஒன்று வந்தது. எச்.இ. 924 என்கிற லிபரேட்டர் டெல்லி பாலம் மியூசியத்தில் இருக்கிறது.

இவற்றின் வரலாற்றைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்பூரில் ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தினார்கள். அதனால் தகட்டில் உள்ள எண்ணை உடலுக்கு மட்டும் நம்புங்கள். இன்ஜினையும் டரெட்டையும் (சுழலும் துப்பாக்கிக் கூண்டையும்) தனித்தனியே சரிபாருங்கள்.